கொழும்பு வானில் ஹரிக்கேனும் ஸீரோவும்: போர்விமான ஒப்பீடு பற்றிய ஒரு நோக்கு

1. ஒப்பீடும் அதன் எல்லையும்

ஒப்பியல் ஆய்வு என்றதும் இலக்கிய மாணவர்களுக்கு இரு காப்பியங்களோ இரு கவிஞர்களோ நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் ஒப்பீடு என்னும் முறை இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. இரு பொருள்களை அவை தோன்றிய சமூகத்திலிருந்தும் அவை செயற்பட்ட சூழலிலிருந்தும் பிரித்தெடுத்து, அருகருகே நிறுத்தி, எது சிறந்தது எனத் தீர்ப்பளிக்கும் போக்கு இலக்கியத் திறனாய்வில் எத்துணைத் தவறுகளுக்கு இடமளித்தது என்பதை நாம் அறிவோம். அதே போக்கு போர்க்கருவிகளின் வரலாற்றிலும் வேரூன்றியுள்ளது. இரண்டாவது உலகப் போர்க்காலத்து விசிறி விமானங்களைப் பற்றி எழுதுவோர் பலர் வேகம், ஏறுந்திறன், துப்பாக்கிகளின் தொகை ஆகியவற்றை அட்டவணையாக்கி, அதிலிருந்தே வெற்றி தோல்விகளுக்கு விளக்கங் கூறிவிடுகின்றனர்.

இம்முறையின் போதாமையை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, கொழும்பு நகரின் மேலேயே இத்தகைய விமானங்கள் மோதிக்கொண்டன. கொழும்புப் பல்கலைக்கழக வளாகத்தை அடுத்துள்ள குதிரைப் பந்தயத் திடல் அன்று ஒரு விமானத் தளமாக இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது அதே ஆண்டு யூலை முதலாந் திகதியாகும். குண்டுவீச்சுக்கும் அதற்கும் இடைப்பட்ட காலம் மூன்று மாதங்களே. அந்த ஒரு காலைப்பொழுதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இயந்திரத்தின் ஆற்றல் என்பது எதனைக் குறிக்கிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

2. அன்று நடந்தது

ஏப்பிரல் 4ஆந் திகதி மாலை, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா வேவு விமானமொன்று இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கடற்படையைக் கண்டது. லெனாட் பேர்ச்சோல் என்னும் கனேடிய விமானி தலைமை தாங்கிய அவ்விமானம் செய்தியை அனுப்பிய பின்னர் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாட் காலை எட்டு மணியை ஒட்டி, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பை அடைந்தன. அவற்றுள் 36 ஸீரோ என்னும் சண்டை விமானங்கள். ஏனையவை குண்டுவீச்சு விமானங்கள்.

அவற்றை எதிர்த்து ஏறத்தாழ 40 பிரித்தானியச் சண்டை விமானங்கள் எழுந்தன. இரத்மலானையிலிருந்து 30ஆம் படையணியின் ஹரிக்கேன்களும் கடற்படைக்குரிய ஆறு புல்மார்களும், பந்தயத் திடலிலிருந்து 258ஆம் படையணியின் 14 ஹரிக்கேன்களும் புறப்பட்டன. எழுந்தவற்றுள் ஏறத்தாழப் பாதி திரும்பவில்லை. 258ஆம் படையணி மட்டும் ஒன்பது விமானங்களை இழந்தது. திருகோணமலைப் பக்கமிருந்து கடற்கணைகளுடன் வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்களும் இடைவழியில் வீழ்த்தப்பட்டன. யப்பானியர் இழந்தவை ஏழு: பாய்ந்து குண்டெறியும் விமானங்கள் ஆறும், ஸீரோ ஒன்றுமாகும். பிரித்தானியத் தரப்பு அன்று அறிவித்த தொகையோ இதன் இருமடங்கிற்கும் மேற்பட்டது. யப்பானியரும் தம் பங்கிற்குப் பெருக்கியே கூறினர். இரு தரப்பு ஏடுகளும் போருக்குப் பின்னர் ஒப்புநோக்கப்பட்டபோதே உண்மை நிலை புலனாயிற்று.

துறைமுகத்தில் டெனிடோஸ் என்னும் நாசகாரிக் கப்பலும் ஹெக்ரர் என்னும் ஆயுதந் தரித்த வணிகக் கப்பலும் மூழ்கின. இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையும் அங்கொடை மனநோய் மருத்துவமனையும் குண்டுவீச்சுக்கு உள்ளாகின. அன்று பிற்பகல் கோண்வோல், டோசெற்ஷயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர்.

3. அட்டவணை கூறுவது

இனி, எண்களை நோக்குவோம். ஸீரோவின் இயந்திரம் ஏறத்தாழ 950 பரிவலு உடையது. ஹரிக்கேனின் இரண்டாம் வகையில் பொருத்தப்பட்ட மேர்லின் இயந்திரம் 1280 பரிவலு உடையது. ஆயின் போருக்குப் புறப்படும் நிலையில் ஸீரோவின் எடை 2410 கிலோகிராம். ஹரிக்கேனோ மூன்றேகால் தொன்னுக்கும் மேற்பட்டது. எனவே ஒரு தொன் எடைக்கு எத்துணை வலு எனக் கணக்கிட்டால், இரண்டிற்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. உச்ச வேகத்திலும் அவ்வாறே: ஸீரோ 4500 மீற்றர் உயரத்தில் மணிக்கு 533 கிலோமீற்றர் செல்லும், ஹரிக்கேன் 6000 மீற்றருக்கு மேலே 540 கிலோமீற்றர் அளவில் செல்லும்.

வேறுபாடு சிறகிலேயே தோன்றுகிறது. விமானத்தின் எடையைச் சிறகின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது சிறகுச் சுமை. ஸீரோவில் ஒரு சதுர மீற்றர் சிறகு 107 கிலோகிராமைத் தாங்கியது. ஹரிக்கேனில் ஏறத்தாழ 140 கிலோகிராமை. சுமை குறைந்த சிறகு வளையும்போது கூடுதலான உயர்த்தும் விசையை மீதமாக வைத்திருக்கும். அதனால் விமானம் குறுகிய வட்டத்தில் திரும்பும். பிற யாவும் சமமாயின், ஹரிக்கேன் வரையும் வட்டத்தின் முக்கால் பங்களவான வட்டத்திலேயே ஸீரோ திரும்பிவிடும் எனலாம். இரண்டும் ஒன்றையொன்று துரத்தி வளையத் தொடங்கினால், சில சுற்றுகளில் ஸீரோ ஹரிக்கேனின் பின்புறத்தை அடைந்துவிடும்.

ஆனால் இதே அட்டவணை வேறொன்றையும் கூறுகிறது. ஸீரோவில் விமானியைக் காக்கும் இரும்புத் தகடு இல்லை. துளைபட்டால் தானே மூடிக்கொள்ளும் எரிபொருட் கலமும் இல்லை. அதன் இரு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகளே இருந்தன. வேகம் கூடியபோது சிறகின் பின்னோரத் தகடுகள் இறுகிவிட, விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டித் திருப்புதல் கடினமாயிற்று. ஹரிக்கேனோ எட்டு அல்லது பன்னிரண்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் கவசத்தையும் கொண்டிருந்தது, அடிபட்டும் தரையிறங்கவல்லது. மேலிருந்து வேகமாகப் பாய்ந்து, ஒருமுறை சுட்டு, வளையாது விலகிச் செல்லும் சண்டையில் ஸீரோவின் சிறப்பு பயன்படாது போகும். எனவே, எது சிறந்த விமானம் என்ற வினாவுக்கு அட்டவணை தரும் விடை ஒன்றன்று. எவ்வகைச் சண்டை நிகழும் என்பதை முன்னரே அறிந்தால் மட்டுமே அந்த எண்கள் பேசத் தொடங்கும்.

4. அட்டவணை கூறாதது

கொழும்பில் நிகழ்ந்தது எவ்வகைச் சண்டை? சண்டை விமானங்களின் தொகையை மட்டும் கணக்கிட்டால் இரு தரப்பும் ஏறத்தாழச் சமம் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆனால் முதல்நாள் மாலையே எச்சரிக்கை கிடைத்திருந்தும், அன்று காலை ராடார் வழியாக உரிய வேளையில் செய்தி வந்து சேரவில்லை. எதிரி விமானங்கள் தலைக்கு மேலே தோன்றிய பின்னரே இரத்மலானையில் இருந்தோர் ஓடிச்சென்று புறப்பட்டனர். எழும்பும் விமானத்திற்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை. உயரம் என்பது விமானிக்குச் சேமிப்புப் போன்றது. வேண்டும்போது அதனை வேகமாக மாற்றிக்கொள்ளலாம். அச்சேமிப்பு யாவும் அன்று யப்பானியர் கையில் இருந்தது. பந்தயத் திடலில் ஒரு தளம் உண்டென்பதை யப்பானியர் அறியாமையால் 258ஆம் படையணி தடையின்றி எழ முடிந்தது. ஆயினும் துறைமுகத்தைத் தாக்கிய குண்டுவீச்சு விமானங்களை நோக்கி அது கீழே பாய்ந்தபோது, மேலே நின்ற ஸீரோக்கள் அதன்மீது இறங்கின.

இனி, விமானிகள் கற்றிருந்த போர்முறையை நோக்குவோம். 1940இல் இங்கிலாந்தின் வானில் ஹரிக்கேன் எதிர்கொண்டது மெசர்சிமித் 109 என்னும் ஜேர்மன் விமானத்தை. சிறிய சிறகுடைய அவ்விமானத்தின் சிறகுச் சுமை ஹரிக்கேனினதைவிடக் கூடியது. எனவே ஆபத்தில் வளைந்து திரும்புக என்பது அங்கே உயிர்காக்கும் பாடம். அதே பாடம் ஸீரோவின் முன்னே உயிர்பறிக்கும் பாடமாயிற்று. இயந்திரம் மாறவில்லை, எதிரே நின்றது மாறிற்று. வளைந்து திரும்பும் ஆற்றல் ஹரிக்கேனுக்குள்ளே உறைந்திருந்த ஒரு பண்பு அன்று, மற்றொன்றுடன் அது கொண்ட உறவே என்பது இதனால் தெளிவாகும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கிலாந்தில் கரையோர ராடார் நிலையங்கள், தரை நோக்கர், தொலைபேசி வலைப்பின்னல், கட்டுப்பாட்டு அறைகள் ஆகியன ஓருடலின் உறுப்புகள்போல இயங்கின. அங்கே ஹரிக்கேன் அந்த உடலின் கையாக இருந்தது. 1940ஆம் ஆண்டுப் போரில் எதிரி விமானங்களுள் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது அழகிற் சிறந்த ஸ்பிற்பயர் அன்று, பழைமை வாய்ந்த ஹரிக்கேனே என்பது இங்கு நினைக்கத்தக்கது. கொழும்புக்கு வந்தது கை மட்டுமே; 30ஆம் படையணி விமானந்தாங்கிக் கப்பலொன்றிலிருந்து இங்கு வந்து இறங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது.

திருகோணமலையின் அனுபவம் இவ்விளக்கத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ளத் தூண்டுகிறது. ஏப்பிரல் 9ஆந் திகதி அங்கே ராடார் உரிய வேளையில் எச்சரித்தது. 261ஆம் படையணியின் ஹரிக்கேன்கள் முன்னரே வானில் இருந்தன. ஸீரோக்களின் இழப்பும் கொழும்பிலும் பார்க்கக் கூடுதலாயிற்று. எனினும் ஹரிக்கேன்களுள் ஏறத்தாழப் பாதி வீழ்ந்தன. ஏனெனில் அங்கு எதிர்வந்த ஸீரோக்கள் தொகையில் அவற்றின் இருமடங்கிற்கும் மேற்பட்டவை. எச்சரிக்கையும் தனித்துநின்று விளக்கமாகாது. தொகை, உயரம், எச்சரிக்கை, பயிற்சி, இயந்திரம் ஆகியவற்றின் சேர்க்கையே முடிவைத் தீர்மானித்தது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் வைல்ட்கற் விமானம் வேகத்திலும் ஏறுந்திறனிலும் ஸீரோவுக்குப் பின்தங்கியது. ஆயினும் 1942 யூன் மாதம் மிட்வேப் போரில், இரு விமானங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பறந்து தம்முட் காத்துக்கொள்ளும் முறையை அதன் விமானிகள் கையாண்டு எதிர்நின்றனர். பின்தங்கிய இயந்திரம் கூட்டுச் செயலால் தன் குறையை ஈடுசெய்துகொண்டது.

5. இயந்திரத்துள் உறைந்த சமூகம்

இதுவரை கூறியதனால் இயந்திரங்களின் வேறுபாடு பொருளற்றது என நாம் கருதவில்லை. அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வினா.

1937இல் யப்பானியக் கடற்படை ஒரு புதிய சண்டை விமானத்தைக் கோரியது. ஆயிரம் பரிவலுவுக்கு உட்பட்ட இயந்திரத்துடன் மிகு வேகம், மிகு தூரம், மிகு வளைதிறன் ஆகிய மூன்றும் வேண்டும் என்றது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை எனக் கருதிய நக்கஜிமா நிறுவனம் விலகிக்கொண்டது. மிற்சுபிஷியின் பொறியியலாளர் ஜிரோ ஹொரிகொஷி ஏற்றுக்கொண்டார். அவர் கண்ட வழி ஒன்றே: எடையைக் குறைத்தல். புதிய அலுமினியக் கலவை பயன்படுத்தப்பட்டது, சட்டங்களில் துளையிட்டு எடை குறைக்கப்பட்டது, கவசம் தவிர்க்கப்பட்டது. வலுமிக்க இயந்திரத்தை ஆக்கப் போதிய கைத்தொழில் அடித்தளம் இல்லாத, ஆயின் பரந்த சமுத்திரத்தைக் கடந்து சந்தைகளையும் எண்ணெய்யையும் கைப்பற்ற விழைந்த ஓர் ஏகாதிபத்தியத்தின் வடிவமே ஸீரோ. மேலதிக எண்ணெய்க் கலத்துடன் 3000 கிலோமீற்றர் பறக்கும் அதன் ஆற்றலில் அந்த விழைவைக் காணலாம். கவசமற்ற அதன் இருக்கையில், விமானியின் உயிருக்கு அந்த அரசு வைத்த விலையைக் காணலாம். 1939இல் அதன் முதல் மாதிரி நாகோயாத் தொழிற்சாலையிலிருந்து விமானத் தளத்திற்கு மாட்டுவண்டிகளிலேயே கொண்டுசெல்லப்பட்டது. உலகின் மிகு நவீன இயந்திரமும் கட்டை வண்டியும் ஒரே பாதையிற் சென்ற அக்காட்சி, சமனற்ற வளர்ச்சி என்னும் கருத்துக்கு நல்லதோர் உதாரணமாகும். 1944இல் அதே நாகோயாத் தொழிற்சாலையில் கொரியச் சிறுமியர் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுக்கு இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தென்கொரிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018ஆம் ஆண்டிலாகும்.

ஹரிக்கேனின் வரலாறு வேறு. 1935 நொவெம்பரில் முதலிற் பறந்த அது உருக்குக் குழாய்ச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்டது, பழைய ஈரிறகு விமானங்களை ஆக்கிய தொழிற்சாலைகளிலேயே விரைவில் ஆக்கக்கூடியது, எளிதிற் பழுதுபார்க்கத்தக்கது. தாயகத்தின் வானைக் காக்கவே அது திட்டமிடப்பட்டது. அதனால் அதன் பறப்புத் தூரம் ஆயிரம் கிலோமீற்றரை எட்டவில்லை. 1942இல் ஐரோப்பியப் போர்முனையில் முன்னணிச் சண்டைக்கு அது பழையதாகிவிட்டது. ஆயினும் குடியேற்ற நாட்டின் வானுக்கு அது போதும் எனக் கருதப்பட்டது.

இங்கே இனவாதமும் தன் பங்கை ஆற்றியது. 1940 செப்டெம்பரிலேயே சீனாவின் வானில் ஸீரோ தன் ஆற்றலை வெளிப்படுத்தியிருந்தது. சீனாவிலிருந்து சென்ற எச்சரிக்கைகளை மேற்கு நாட்டுத் தலைமைகள் பொருட்படுத்தவில்லை. ஆசியர் பிறரைப் பார்த்துப் போலியாக ஆக்கவல்லரேயன்றிப் புதிதாக ஆக்கவல்லர் அல்லர் என்னும் எண்ணமே அதற்குக் காரணமாயிற்று. அவ்வெண்ணத்தின் விலையை மலாயாவிலும் கொழும்பிலும் இளம் விமானிகள் செலுத்தினர்.

ஸீரோவின் மேலாண்மையும் நிலைக்கவில்லை. 1942 யூனில் அலூசியத் தீவொன்றில் ஏறத்தாழப் பழுதின்றி வீழ்ந்த ஸீரோ ஒன்றை அமெரிக்கர் மீட்டுப் பறந்து பார்த்து, அதன் குறைகளைத் தம் விமானிகளுக்கு அறிவுறுத்தினர். 2000 பரிவலு இயந்திரமுடைய ஹெல்கற் விமானங்கள் மூன்று ஆண்டுகளுக்குள் 12,000க்கு மேல் ஆக்கப்பட்டன. மறுபுறம், நீண்ட பயிற்சி பெற்ற சிறுதொகை யப்பானிய விமானிகள் மடிந்தபோது அவர்களின் இடத்தை நிரப்ப ஆளில்லை. 1940இல் வியப்பாக விளங்கிய அதே விமானம் 1944இல் தற்கொலைத் தாக்குதலுக்கான ஊர்தியாயிற்று.

6. கீழே நின்றவர்கள்

வானைப் பற்றிய அட்டவணைகளில் தரை இடம்பெறுவதில்லை. துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த தொழிலாளருக்கும், துறைமுகத்திற்கும் இரத்மலானைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் அமைந்த வெள்ளவத்தையின் மக்களுக்கும் இவ்விரு விமானங்களுள் எதுவும் தம்முடையதன்று. 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை அடக்க முற்பட்ட அதே அதிகாரமே இப்போது அவர்களது வானைக் காப்பதாகக் கூறியது. குண்டுவீச்சை அடுத்து மக்கள் பெருந்தொகையாக நகரை விட்டு நீங்கினர். இந்தியத் தொழிலாளர் பலர் தம் ஊர் நோக்கிச் சென்றனர். துறைமுகத்தின் இயக்கம் எந்த இயந்திரத்தைச் சார்ந்திருந்தது என்பது அப்போது ஆட்சியாளருக்குப் புலனாயிற்று.

காக்கப்பட்டது எது என்பதும் கேட்கத்தக்கதே. மலாயா வீழ்ந்த பின்னர் நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த முக்கிய இறப்பர் விளைநிலம் இலங்கை. இந்து சமுத்திரக் கடற்பாதைகளுக்கும் பாரசீக எண்ணெய்க்கும் அதுவே காவலிடம். மக்கள் தம் பணத்தையும் போருக்கு ஈந்திருந்தனர். அதன் நினைவாகப் பிரித்தானிய விமானப் படையின் 102ஆம் படையணி இலங்கைப் படையணி எனவும், 264ஆம் படையணி சென்னை மாகாணப் படையணி எனவும் பெயர் பெற்றன. கொழும்பின்மீது குண்டு விழுந்த அன்று, இலங்கையின் பெயர் தாங்கிய படையணி இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் இருந்து ஜேர்மனியை நோக்கிப் பறப்பதற்கான குண்டுவீச்சுப் படையணியாக இருந்தது.

இக்காரணங்களால், ஸீரோவின் வெற்றியை ஆசியாவின் வெற்றியாகப் போற்றும் ஒரு மனப்பாங்கும் அக்காலத்தில் தோன்றியது. ஐரோப்பியர் வெல்ல முடியாதவர் என்னும் மாயை தகர்ந்தது உண்மையே. குடியேற்ற நாடுகளின் விடுதலை இயக்கங்களுக்கு அது உளவலிமை அளித்ததும் உண்மையே. ஆயின் அதே ஆண்டில் தொடங்கிய சயாம்–பர்மா மரண இரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்தனர். ஸீரோவின் பின்னே வந்த ஆட்சி எத்தகையது என்பதற்கு அப்பாதையே சாட்சி. இலங்கையின் இடதுசாரிகள் போரின் தன்மை குறித்து இருவேறு நிலைப்பாடுகளை எடுத்துப் பிரிந்து நின்றதும் இச்சிக்கலின் வெளிப்பாடாகவே கொள்ளத்தக்கது.

7. முடிவாக

போர்விமானங்களை ஒப்பிடுதல் பயனற்ற செயல் என்று நாம் கூறவில்லை. சிறகுச் சுமையை அறியாதவர் கொழும்பு வானில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள முடியாது. அதனை மட்டும் அறிந்தவரும் விளங்கிக்கொள்ள முடியாது. இயந்திரத்தின் எண்களில் தொடங்கி, அது பொருந்தியிருந்த போர் அமைப்புக்கும், அவ்வமைப்பை உருவாக்கிய உற்பத்தி நிலைமைகளுக்கும், அவற்றின் பின்னிருந்த வர்க்க நலன்களுக்கும் படிப்படியாகச் செல்லும் ஒப்பீடே முழுமை பெறும். விமானிகளின் நினைவுக் குறிப்புகள் பலவாக அச்சேறியுள்ளன. துறைமுகத் தொழிலாளரின் நினைவுகள் அவ்வாறு அச்சேறவில்லை. 1942இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எஞ்சியுள்ள அத்தகையோரிடம் சென்று, அக்காலைப்பொழுதைப் பற்றி அவர்கள் கூறுவனவற்றைப் பதிவுசெய்தல் எமது பல்கலைக்கழக மாணவர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.